கூரைக் கேரியர் இல்லாத செடான் காரில் சைக்கிள்: கடலூர்–சிதம்பரம் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கூரையில் கேரியர் இல்லாத செடான் காருக்குள் ஒரு சைக்கிள் போகுமா என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. சைக்கிளைக் கழற்றிய பிறகு மிஞ்சும் மிகப் பெரிய பாகத்தின் நீளம் ஒன்று. அந்தப் பாகம் நுழைய வேண்டிய வாயின் அகலம் மற்றொன்று. கார் விளம்பரங்களில் வரும் டிக்கியின் லிட்டர் கணக்கு இவ்விரண்டில் எதையும் சொல்வதில்லை. 400 லிட்டர் அரிசி மூட்டைகளாக உள்ளே போகலாம். 60 லிட்டர்கூடத் தேறாத சைக்கிள் ஃபிரேம் வாசலிலேயே நின்றுவிடலாம். மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு: அந்த அளவுக்குக் கொண்டுவர எத்தனை நட்டுகளைக் கழற்ற வேண்டும் என்பது. சைக்கிளுக்குச் சைக்கிள் பெரிதும் வேறுபடுவது இந்தக் கணக்குதான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலான சுமார் 45 கிலோமீட்டர் தடத்தில் இந்தத் தேவை பலருக்கும் எழுவது. சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் சேரும் மாணவருக்கு, விடுதிக்கும் துறைக்கும் நூலகத்துக்கும் இடையே போய்வர வீட்டுச் சைக்கிள் வேண்டியிருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடையில் பேரனுக்கு வாங்கிய சைக்கிள் புவனகிரிக்கோ பரங்கிப்பேட்டைக்கோ போய்ச் சேர வேண்டியிருக்கிறது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர் சிதம்பரம் வரை காரில் வந்து, அங்கிருந்து பிச்சாவரம் சாலையில் விடியற்காலையில் மிதிக்க நினைக்கிறார். வீட்டில் நிற்பதோ கேரியர் இல்லாத ஒரு செடான்.

சைக்கிளின் அளவு

சைக்கிளின் மொத்த நீளம் என்பது இரு சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரமும் ஒரு சக்கரத்தின் விட்டமும் சேர்ந்தது. 26 இன்ச் சக்கரம் கொண்ட கியர் சைக்கிளில் அச்சிடைத் தூரம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். டயரோடு சக்கர விட்டம் ஏறத்தாழ 67. இரண்டும் சேர்ந்தால் 170 சென்டிமீட்டரைத் தாண்டும். முன்சக்கரத்தை மட்டும் கழற்றினால் நீளம் 140 அளவுக்குக் குறையும். பின்சக்கரமும் போனால் மிஞ்சுவது 105தான். 28 இன்ச் சக்கரம் கொண்ட பழைய பெரிய சைக்கிளின் முழு நீளம் 185 சென்டிமீட்டரை ஒட்டியது. எடையும் 20 கிலோவுக்குக் குறையாது.

அகலத்தில் இடைஞ்சல் தருபவை ஹேண்டில்பாரும் பெடல்களும். ஹேண்டில்பார் 55 முதல் 70 சென்டிமீட்டர் வரை குறுக்கே நீண்டிருக்கும். அதை ஃபிரேமுக்கு இணையாகத் திருப்பி, பெடல்களையும் எடுத்துவிட்டால் சைக்கிள் ஒரு தட்டையான பொருளாகிவிடுகிறது. காற்றை இறக்குவதால் கிடைக்கும் லாபம் சில சென்டிமீட்டர்தான். ஆனால் வாயில் சிக்கும் கடைசி நேரத்தில் அந்தச் சில சென்டிமீட்டரே போதுமானதாக இருக்கும்.

காரின் அளவு

பழைய கார்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அம்பாசடர் போன்ற வண்டிகளின் கூரை ஓரத்தில் மழைநீர் வழிய ஒரு தகட்டு மடிப்பு இருந்தது. கேரியரின் கால்களை அந்த மடிப்பில் மாட்டி, கொக்கியை முடுக்கினால் போதும். கல்யாண வீட்டுப் பாத்திரம் முதல் சைக்கிள் வரை கூரையில் ஏறும். அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. இப்போதைய செடான்களின் கூரையில் அந்த மடிப்பு வெளியே தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் செய்த பிடிகள் இல்லாமல் கேரியரை உறுதியாகப் பொருத்த முடிவதில்லை. வாடகைக் கார்களில் பலரும் கேரியர் பூட்டி வைக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கான கார்களில் அது அபூர்வம்.

டிக்கியின் அளவைத் தீர்மானித்ததில் வரிவிதிப்புக்கும் பங்குண்டு. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது. அதன் பிறகு செடான்களின் வால் குறுகியது. மாருதி டிசையரே இதற்குச் சான்று. 2008இல் வந்தபோது அதன் நீளம் 4,160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012இல் நீளம் 3,995 மில்லிமீட்டராக வெட்டப்பட்டபோது டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. 2017இல் வந்த வடிவத்தில் அது 378 லிட்டர் ஆனது. இதற்கு மாறாக, 4 மீட்டர் எல்லைக்குள் அடங்காத டொயோட்டா எட்டியோஸில் 595 லிட்டர் இடம் இருந்தது. உற்பத்தி நின்ற பிறகும் வாடகைக் கார் நிறுத்தங்களில் அந்த வண்டிக்கு மதிப்பு இருப்பதற்கு இந்த டிக்கியும் ஒரு காரணம்.

லிட்டர் எவ்வளவாக இருந்தாலும், அளந்து பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது டிக்கி வாயின் குறுக்கு அகலம். பல செடான்களில் இது ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கிறது. இரண்டாவது வாயின் உயரம். மூன்றாவது, உள்ளே சக்கர மேடுகளுக்கு இடைப்பட்ட அகலம். நான்காவது, மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிக் கைகள் மூடும்போது இறங்கி வரும் இடம். கடைசி அளவைப் பலரும் மறந்துவிடுவார்கள். சைக்கிள் உள்ளே அழகாக உட்கார்ந்திருக்கும். மூடியை அழுத்தும்போது கம்பிக் கை சக்கரத்தின் போக்ஸ் கம்பியில் இறங்கும். டிக்கிக்குள் கேஸ் சிலிண்டர் பொருத்திய கார்களில் சைக்கிளுக்கு இடமே இல்லை. அவற்றுக்குப் பின் இருக்கை ஒன்றுதான் வழி.

கழற்றும் வரிசை

கியர் சைக்கிளைக் கழற்ற 15 எண் ஸ்பேனர், ஆலன் சாவிகள், ஒரு பழைய துணி ஆகியவை போதும். முதலில் செயினைப் பின்பக்கம் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்சக்கரம் எளிதில் வெளிவர இது உதவும். பிறகு பிரேக் கேபிளின் பிடியை விடுவித்து முன்சக்கரத்தை எடுக்கலாம். நெம்புகோல் போட்ட அச்சாக இருந்தால் ஸ்பேனரே தேவையில்லை. இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பாக்னோலோ 1930களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்த நெம்புகோல் அச்சுதான் சக்கரத்தைக் கழற்றுவதை ஒரு நிமிட வேலையாக்கியது.

சீட்டை இறக்குவதற்கு முன் அதன் உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்தால் திரும்பப் பூட்டும்போது தேட வேண்டியதில்லை. ஹேண்டில்பாரைத் திருப்ப இரண்டு முறைகள் உண்டு. பழைய வகையில் மேலே உள்ள போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி, மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு விடும். புதிய வகையில் பக்கவாட்டு போல்ட்டுகளை மட்டும் தளர்த்த வேண்டும். மேல்மூடித் திருகைத் தொடக் கூடாது.

பெடலில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். வலப்பக்கப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் அதை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் ஸ்பேனரில் ஏறி நின்று அழுத்துபவர் அதைக் கழற்றுவதற்குப் பதிலாக இறுக்கிக்கொண்டிருப்பார். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் மரை துருவேறி இறுகியிருக்கும். முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டுவைத்து, பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவுவது இதற்கு மருந்து. கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் அந்தந்த அச்சிலேயே திரும்பக் கோத்து வைத்தால் ஒன்றும் தொலையாது.

ஆயில் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தை எடுத்த பிறகு பிரேக் பிடியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளிருக்கும் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, சக்கரம் திரும்ப நுழையாது. அட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் கட்டைகளுக்கு நடுவே செருகிவைப்பது வழக்கம்.

கம்பி பிரேக் போட்ட பெரிய சைக்கிளில் இந்த வரிசை அப்படியே செல்லாது. அதன் பிரேக் கட்டைகள் ரிம்முக்கு உட்புறத்தில் இருப்பதால், கட்டைகளைத் தாங்கும் வளைவைத் தளர்த்தாமல் சக்கரத்தைக் கீழே இறக்க முடியாது. ஹேண்டில்பாரையும் முன் பிரேக்கையும் கம்பி இணைப்பதால் ஹேண்டில்பாரைத் தனியே திருப்பவும் முடியாது. பின் அச்சின் நட்டிலோ மட்கார்டு கம்பி, கேரியர் கால், ஸ்டாண்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். செயின் மூடி வேறு. கியர் சைக்கிளில் பத்து நிமிடத்தில் முடிவது இதில் ஒரு மணி நேர வேலை. பூட்டவும் அதே நேரம் ஆகும்.

டிக்கியில் வைத்தல்

சிறுவர்களுக்கான 14, 16 இன்ச் சைக்கிள்கள், ஹேண்டில்பாரைத் திருப்பி முன்சக்கரத்தைக் கழற்றினால் பெரும்பாலான செடான் டிக்கிகளில் அடங்கிவிடும். பெரியவர்களின் கியர் சைக்கிளை நடுத்தர, பெரிய செடான்களில் மட்டுமே மூடிய டிக்கிக்குள் வைக்க முடியும். அதுவும் இரு சக்கரங்களையும் எடுத்த பிறகு. முதலில் ஃபிரேமைப் படுக்க வைக்க வேண்டும். செயின் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்க வேண்டும். கியர் மாற்றி அந்தப் பக்கத்தில்தான் துருத்திக்கொண்டிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முனை ஒரு மூலைக்கும் பின்முனை எதிர் மூலைக்குமாகச் சாய்வாக வைத்தால் குறுக்கே போகாத 105 சென்டிமீட்டர் மூலைவாட்டில் போகும். அதன்மேல் ஜமக்காளம் ஒன்றை விரித்துச் சக்கரங்களை வைக்கலாம்.

பின் இருக்கை மடியும் செடான்களில், எடுத்துக்காட்டாக ஸ்கோடா ஸ்லாவியா போன்ற வண்டிகளில், நீளம் ஒரு பிரச்சினையே அல்ல. முன்சக்கரத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஃபோர்க் முன்னே போகுமாறு டிக்கி வழியாகத் தள்ளலாம். ஆனால் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் திறப்பு டிக்கி வாயைவிடச் சிறியது. அளக்க வேண்டியது அந்த உள்வாயைத்தான். நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய செடான்களில் இருக்கை மடிவதில்லை.

பின் இருக்கையில் வைத்தல்

சிறிய செடான் வைத்திருப்பவருக்கு நம்பகமான வழி பின் இருக்கைதான். உட்புற அகலம் ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் இருப்பதால் இரு சக்கரமும் இல்லாத ஃபிரேம் குறுக்கே தாராளமாக உட்காரும். முன்சக்கரம் மட்டும் எடுத்த சைக்கிளும், சாய்த்து வைத்தால், பல கார்களில் நுழைந்துவிடும்.

நம் சாலையில் கார் இடது ஓரமாக நிற்பதால் இடப்பக்கக் கதவு வழியாக ஏற்றுவதே பாதுகாப்பு. முன் இருக்கைகள் இரண்டையும் முன்னே தள்ளிவிட்டு, பின் இருக்கையிலும் கதவின் உள்பக்கத்திலும் பழைய போர்வையை விரிக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று ஃபோர்க்கைத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தால் இருக்கைத் துணி கிழியாமல் தப்பும். ஃபோர்க் முனைகளில் பழைய துணியைச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் அந்த இரும்பு இருக்கையைக் குத்தும். செயின் பக்கம் இருக்கையின் முதுகைத் தொடாமல் முன்னோக்கி இருக்கட்டும். அதன்மேல் ஒரு சாக்கை மூடினால் எண்ணெய்க் கறை யார்மீதும் படாது. சக்கரங்களுக்கு டிக்கி இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் காரில் ஓட்டுநரும் முன் இருக்கையில் ஒருவரும் மட்டுமே போக முடியும்.

கார் வெயிலில் நிற்கப் போகிறதென்றால் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது நல்லது. மூடிய காருக்குள் வெப்பம் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் டயருக்குள் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். புது டயரை அது ஒன்றும் செய்யாது. பஞ்சர் ஒட்டிய பழைய ட்யூபில் ஒட்டு விட்டுவிடலாம்.

திறந்த டிக்கி

சைக்கிளின் பாதியை டிக்கிக்குள் தள்ளி, மூடியைக் கயிற்றால் கட்டி ஓட்டிப் போவது ஊரில் அடிக்கடி காணும் காட்சி. ஒன்றிரண்டு தெரு தள்ளியிருக்கும் சைக்கிள் கடைக்கு இது சரிப்படலாம் என்று தோன்றும். நெடுஞ்சாலைக்குச் சரிப்படாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது புகை. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. சைலன்சரிலிருந்து வரும் புகை அங்கே சுழன்று, திறந்த டிக்கி வழியாகவும் இருக்கைப் பின்புற இடுக்குகள் வழியாகவும் காருக்குள் வருகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது பார்வை. தூக்கிய மூடி பின்கண்ணாடியை மறைத்துவிடுகிறது. மூன்றாவது அடையாளம். பல செடான்களில் பின் நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளின் ஒரு பகுதியும் மூடியிலேயே இருக்கின்றன. மூடி உயர்ந்தால் நம்பர் பிளேட் வானத்தைப் பார்க்கும். பின்னால் வரும் லாரிக்கு விளக்கும் சரியாகத் தெரியாது.

பட்டைக் கேரியர்

டிக்கி மூடியின் விளிம்புகளில் கொக்கிகளை மாட்டிப் பட்டைகளால் இறுக்கும் பின்புறக் கேரியர் வெளிநாடுகளில் பரவலாக இருப்பது. இங்கும் இணையத்தில் விற்கிறார்கள். மடக்கி டிக்கிக்குள் வைத்துக்கொள்ளலாம், சைக்கிளைக் கழற்ற வேண்டியதில்லை என்பவை இதன் வசதிகள். ஆனால் நம்பர் பிளேட்டும் விளக்கும் மறைவது இதிலும் உண்டு. முழு நீளச் சைக்கிளைக் குறுக்கே மாட்டினால் 170 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது; டிசையரின் அகலமே 173.5 சென்டிமீட்டர்தான். பெரிய சைக்கிள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொள்ளும். 20 கிலோ எடை மெல்லிய தகட்டு விளிம்பில் தொங்குவதால் பெயின்ட் உரியும். அந்த இடத்தில் கடற்காற்று துருவைத் தொடங்கிவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சைக்கிள் முழுவதும் சேற்றுநீரில் நனைவது தனி.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 194(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சுமை நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதமும் சுமையை இறக்கும் செலவும் கட்ட வேண்டும் என்கிறது அது. அனுமதிக்கும் அளவுகளை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பதிவு எண் பின்னாலும் தெளிவாகத் தெரிய வேண்டும், இரவில் அதன்மீது வெளிச்சம் பட வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உள்ளவையே. திறந்த டிக்கியும் பட்டைக் கேரியரும் இந்த இரண்டு கட்டுப்பாடுகளோடும் மோதுகின்றன. மூடிய காருக்குள் இருக்கும் சைக்கிளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

கட்டுதல்

உள்ளே வைத்த சைக்கிளையும் கட்ட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னே பாயும். 15 கிலோ சைக்கிள் அந்தக் கணத்தில் 300 கிலோவாக முன் இருக்கையில் இருப்பவரின் முதுகில் விழும். பின் இருக்கையின் சீட் பெல்ட்டுகளை ஃபிரேமின் முக்கோணத்துக்குள் விட்டு மாட்டுவதே எளிய கட்டு. கூடுதலாகக் கட்டுவதற்கு நைலான் கயிற்றைவிடச் சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் பட்டை நல்லது. இழுத்துக் கட்டினால் அதிர்விலும் தளராது, பெயின்ட்டையும் தேய்க்காது.

மாற்று வழிகள்

கம்பி பிரேக் சைக்கிளையும், கூடை, செயின் மூடி, மட்கார்டு எல்லாம் பூட்டிய லேடீஸ் சைக்கிளையும் காருக்காகக் கழற்றுவது வீண் வேலை. ஊரில் குட்டி யானை என்று அழைக்கப்படும் சிறிய சரக்கு வண்டியில் அவற்றை நிறுத்திக் கட்டினால் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம். வீடு மாறும் சாமான்களோடு சேர்த்து ஏற்றினால் தனிச் செலவும் இல்லை.

விழுப்புரம்–மயிலாடுதுறை ரயில் பாதை 2010இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகச் சந்திப்பு, சிதம்பரம் ஆகியவை அதில் உள்ள நிலையங்கள். ரயிலில் சைக்கிளைச் சரக்காகப் பதிந்து பிரேக் வேனில் அனுப்பலாம். தொலைதூரத்துக்கு இது லாபம். 45 கிலோமீட்டருக்குப் பதிவு, காத்திருப்பு, இறக்குதல் எல்லாம் சேர்ந்து பயணத்தைவிட நீண்டுவிடும். பழைய அரசுப் பேருந்துகளின் பின்னால் ஏணியும் கூரையில் கேரியரும் இருந்தன. மூட்டைகளோடு சைக்கிளும் மேலே ஏறும். இப்போதைய பேருந்துகளில் அந்த ஏணி அநேகமாக இல்லை.

மடக்குச் சைக்கிள் இந்தக் கேள்வியையே இல்லாமலாக்குகிறது. லண்டனில் உருவான பிராம்ப்டன் மடங்கிய நிலையில் மிகச் சிறிதாக அடங்கும். எந்த டிக்கியிலும் போகும். விலைதான் தடை. இங்கே குறைந்த விலையில் கிடைக்கும் 20 இன்ச் மடக்குச் சைக்கிள்களும் சிறிய செடான் டிக்கிக்குப் பொருந்துபவையே.

ஓட்டிப் போவதும் ஒரு வழி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரை நிலம் முழுதும் சமதளம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் 3 மணி நேரம். பழகியவருக்கு இது ஒரு காலைப்பொழுது. லாரிகள் ஓடும் சாலையில் பழகாதவரை அனுப்பக் கூடாது.

இறக்கிய பின்

கழற்றிய சைக்கிளை அவசரத்தில் பூட்டுவது ஆபத்து. முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு இடையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் அசையாமல் ஹேண்டில்பார் மட்டும் திரும்பினால் போல்ட் போதவில்லை. முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது தெரியும். பெடல்களை முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கு ஏறாத பெடல் தப்பான பக்கத்தில் பூட்டப்படுகிறது. விடுவித்த பிரேக் கேபிளை மாட்டி, இரண்டு பிடிகளையும் அழுத்திப் பார்த்து, காற்றடித்த பிறகே ஏறி உட்கார வேண்டும்.